கோடைப் பத்தி எழுதுவது: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

ஆறு ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸ் அரசியல் செய்தியாளராக இருக்கிறேன். கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் வேலைக்குப் பஞ்சமில்லை. கோடையில் நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டு, தலைவர்கள் ஓய்வுக்குக் கிளம்பிவிட்டால் பத்திரிகைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "செய்தி, கலாச்சாரம் இரண்டையும் தொட்டு லேசாக ஏதாவது கொடுங்கள்." கொடுக்கிறேன். ஆனால் சரியாக வருவதில்லை. போன மாதம் தலைவர்களின் விடுமுறை உடைகளைப் பற்றி 1,400 சொற்களில் எழுதினேன். "சிரிக்க வைக்க ரொம்பப் பாடுபடுகிறது" என்று உதவி ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். வரைவை இணைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இப்படிப்பட்ட கட்டுரைக்குச் சரக்கு எங்கே கிடைக்கும்? எழுதும்போது எதில் கவனம் வேண்டும்? பட்ஜெட், குழு அறிக்கை என்று எழுதிச் சேர்த்த பெயர் இதனால் கெட்டுப்போகுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வரைவில் பதினொரு தலைவர்கள் வருகிறார்கள். ஆளுக்கொரு நகைச்சுவை. ஆனால் எந்தச் சட்டை, எந்த நாள், எந்த நிகழ்ச்சி என்ற விவரம் ஓரிடத்திலும் இல்லை. கட்டுரை பாடுபடுவதாக உதவி ஆசிரியருக்குத் தோன்றியது இதனால்தான். நீங்கள் கேட்கும் இந்த லேசான கோடைக் கட்டுரையில், அதாவது கோடைப் பத்தியில், லேசாக இருக்க வேண்டியது எடுத்துக்கொள்ளும் பொருள் மட்டும்தான். தகவல் வழக்கமான அரசியல் செய்தியில் இருப்பதைவிடவும் கெட்டியாக இருக்க வேண்டும். பொருள் சிறியதாகவும் விவரம் துல்லியமாகவும் இருந்தால் வாசகர் தானாகவே புன்னகைப்பார். கிச்சுகிச்சு மூட்டத் தேவையில்லை.

உங்கள் முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். "தலைவர்கள் விடுமுறையில் போனதும் நாடே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது." இந்த வரியை எந்த நாட்டிலும் எந்த ஆண்டிலும் போடலாம். அதனால்தான் அது எங்கும் ஒட்டவில்லை. இதற்கு மாற்றாக ஒன்றைப் பாருங்கள். லண்டன் டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டில் லாரி என்றொரு பூனை இருக்கிறது. பேட்டர்சி விலங்குக் காப்பகத்திலிருந்து 2011 பிப்ரவரியில் வந்தது. எலி பிடிக்கும் தலைமைப் பொறுப்பு அதனுடையது. அந்த வீட்டில் அது கேமரூன் முதல் ஸ்டார்மர் வரை ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது. 2022 என்ற ஒரே ஆண்டில் மூன்று பேர். பிரிட்டிஷ் அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் லாரிக்குத் தனிக் குறிப்பே உண்டு: விருந்தினரை வரவேற்பது, பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்வையிடுவது, பழமையான நாற்காலிகள் தூங்க ஏற்றவையா என்று சோதிப்பது ஆகியவை அன்றாடப் பணிகள், எலிப் பிரச்சினைக்கான தீர்வு இன்னும் திட்டமிடும் கட்டத்திலேயே இருக்கிறது.

இதில் ஒரு நகைச்சுவைகூட நீங்கள் சேர்க்க வேண்டியதில்லை. பூனை வந்த மாதம், ஆறு பிரதமர்கள், ஒரே ஆண்டில் மூன்று பேர் என்ற மூன்று விவரங்களை இந்த வரிசையில் வைத்தாலே பிரிட்டிஷ் அரசியலின் ஒரு பத்தாண்டுக் கொந்தளிப்பு வாசகருக்குப் புரிந்துவிடும். வரிசையை மாற்றி முதலிலேயே "நிலையற்ற ஆட்சிகளின் காலம்" என்று தொடங்கினால் பூனை வெறும் அலங்காரமாகிவிடும். சிறிய பொருள் முன்னால் வர வேண்டும். பெரிய விஷயம் அதன் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை 700 முதல் 900 சொற்கள் போதும். அதற்கு மேல் சிறிய பொருள் தாங்காது. முதல் 100 சொற்களுக்குள் பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஒரு பொருள்தான். கிளைச் செய்தி மூன்றுக்கு மேல் போனால் அது பட்டியலாகிவிடும். உங்கள் வரைவில் பதினொரு தலைவர்களில் எட்டுப் பேரை எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் மூவரின் படங்களும் எடுக்கப்பட்ட தேதி, இடம், நிகழ்ச்சி மூன்றையும் படத்தை வெளியிட்ட செய்தி நிறுவனத்தின் குறிப்பிலிருந்து சரிபாருங்கள். சமூக ஊடகத்தில் சுற்றும் படத்தின் தேதியை நம்பவே கூடாது. பழைய விடுமுறைப் படங்கள் ஒவ்வொரு கோடையிலும் புதியவைபோல மறுபடி கிளம்பும். படத்தைத் தேடுபொறியில் ஏற்றி, அது முதன்முதலில் எப்போது வெளியானது என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

அடுத்து, சரக்கு. அரசியல் செய்தியாளர்களுக்கு இதில் மற்ற பத்தி எழுத்தாளர்களைவிட ஒரு வசதி உண்டு. ஆவணம் படித்துப் பழகியவர்கள் நாம். அரசுகள் வெளியிடும் ஆவணங்களில் யாரும் புரட்டாத பக்கங்கள்தான் கோடையின் நல்ல சுரங்கம். அவை அரசாணைகளும் பதிவேடுகளும் என்பதால் ஆதாரமும் கையோடு இருக்கும்.

ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். வெளிநாட்டு அரசுகள் அமெரிக்க அதிகாரிகளுக்குக் கொடுத்த பரிசுகளின் பட்டியலை அந்நாட்டு வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியிடுகிறது. பெற்றவரின் பெயரும் பதவியும் ஒரு கட்டத்தில் இருக்கும். பொருள், பெற்ற தேதி, மதிப்பீடு, இப்போது எங்கே இருக்கிறது என்பவை அடுத்த கட்டத்தில். கொடுத்தவரும் அவரது அரசும் மூன்றாவதில். ஏன் வாங்கிக்கொள்ள நேர்ந்தது என்ற காரணம் கடைசிக் கட்டத்தில். அந்தக் காரணம் வரிக்கு வரி ஒன்றேதான்: மறுத்தால் கொடுத்தவருக்கும் அமெரிக்க அரசுக்கும் சங்கடம் உண்டாகும். வாளுக்கும் அதே காரணம், கம்பளத்துக்கும் அதே காரணம். அதிபருக்கு வந்த பொருள்களில் பெரும்பாலானவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும்.

இதை வைத்து எழுதும்போது மூன்றே மூன்று பரிசுகளைத் தேர்ந்தெடுங்கள். விலை அதிகமானவற்றை எடுக்கத் தோன்றும். அதைவிட, கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் அப்போது நடந்துகொண்டிருந்த பேச்சுவார்த்தையோடு தேதி ஒட்டி வரும் பரிசை எடுப்பது நல்லது. உங்கள் அரசியல் அறிவுக்கு வேலை இருப்பது அங்கேதான். பலர் சறுக்கும் இடமும் ஒன்று உண்டு. பட்டியல் வெளியாகும் தேதி வேறு, பரிசு பெற்ற தேதி வேறு. இடையில் ஓர் ஆண்டு அல்லது அதற்கு மேலும் ஆகியிருக்கும். இதைக் கவனிக்காமல் போன ஆட்சியின் பரிசை இந்த ஆட்சியின் கணக்கில் எழுதிவிட்டால் கட்டுரையே கவிழ்ந்துவிடும். இன்னொன்று, மதிப்பு என்று போட்டிருப்பது பெற்றுக்கொண்ட தரப்பின் மதிப்பீடு. "இவ்வளவு விலைக்கு வாங்கிக் கொடுத்தார்" என்று எழுதினால் தவறு. கொடுத்த நாட்டின் ரசனையைக் கேலி செய்யவும் வேண்டாம். அது மலிவானது, பல சமயம் அறியாமையும்கூட. அந்தப் பொருளுக்கு அந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதில் கிடைக்கும் ஒரு வரி பெரும்பாலும் கட்டுரையின் சிறந்த வரியாக இருக்கும்.

கலாச்சாரப் பக்கம் போகும்போது விமர்சகரின் நாற்காலியில் உட்கார வேண்டாம். நாடகம் நன்றாக இருந்ததா என்று சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். யார் பணம் போடுகிறார்கள், யாரை அழைக்கவில்லை, திறப்பு விழாவில் எந்த அமைச்சர் எந்த வரிசையில் உட்கார்ந்தார் என்பதை நீங்கள் பாருங்கள். எடின்பரோவில் ஆகஸ்டில் நடக்கும் ஃபிரிஞ்ச் விழா பிறந்ததே அழைப்பு விவகாரத்தில்தான். 1947இல் நடந்த முதல் சர்வதேச விழாவுக்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து விளிம்பில் மேடையேறின. விழாவின் பெயருக்கு அர்த்தமே விளிம்பு என்பதுதான். அரசியல் செய்தியாளரின் கண்ணுக்கு இது நாடகச் செய்தி மாதிரித் தெரியாது. சுயேச்சை வேட்பாளர்களின் செய்தி மாதிரித் தெரியும்.

தலைவர்கள் வெளியிடும் கோடை வாசிப்புப் பட்டியலும் நல்ல பொருள்தான். பராக் ஒபாமா இதை வழக்கமாகவே வைத்திருக்கிறார். ஒரே ஆண்டுப் பட்டியலை வைத்து எழுதினால் அது விளம்பரமாகத்தான் வரும். பல ஆண்டுப் பட்டியல்களை ஓர் அட்டவணையில் போடுங்கள். ஆண்டு, நூல், புனைவா அல்லவா, நூல் முதலில் வெளியான ஆண்டு என்று நான்கு கட்டங்கள் போதும். புதிய நூல்கள் எத்தனை, பழையவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே சொல்ல ஏதாவது கிடைக்கும். ஒரு புத்தகத்தை வைத்து ஒருவரின் கொள்கை மாறிவிட்டதாக மட்டும் எழுதாதீர்கள். பட்டியலில் இருப்பது அவர் படித்ததாகச் சொன்ன நூல், அவ்வளவுதான்.

கோடையில் உங்கள் மின்னஞ்சலை நிறைப்பவை நிறுவனங்கள் அனுப்பும் கருத்துக்கணிப்புகள். "பத்தில் ஏழு பேர் விடுமுறையில் அரசியல் பேச விரும்பவில்லை" என்கிற வகை. பத்திக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருக்கும். போடுவதற்கு முன் நான்கு கேள்வி: யார் பணம் கொடுத்தார்கள், எத்தனை பேரிடம் கேட்டார்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், கேள்வியின் சரியான வாசகம் என்ன. முறையாகக் குலுக்கல் முறையில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்திருந்தால் பிழை வரம்பு (உண்மை நிலை கணிப்பிலிருந்து இரு பக்கமும் விலகக்கூடிய அளவு) ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளி. 100 பேர் என்றால் ஏறத்தாழ 10. அப்படியானால் 52-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது. இணையத்தில் விரும்பியவர்கள் பதிலளித்த கணிப்பு என்றால் இந்தக் கணக்கே பொருந்தாது. அந்த நான்கு கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் வரவில்லை என்றாலும் அந்தக் கணிப்பை விட்டுவிடுங்கள். "லேசான கட்டுரைதானே" என்று உள்ளே விட்ட எண்ணை நாளை யாரோ ஒருவர் மேடையில் மேற்கோள் காட்டுவார். அப்போது அதில் உங்கள் பெயர் இருக்கும்.

விலங்குச் செய்திகளுக்கும் இதே எச்சரிக்கைதான். ஆங்கிலப் பத்திரிகை உலகில் செய்தி வறண்ட இந்தக் கோடைக் காலத்துக்கு சில்லி சீசன் (அசட்டுப் பருவம்) என்று பெயர். 1861இல் சாட்டர்டே ரிவ்யூ என்ற பத்திரிகை பயன்படுத்திய சொல் அது. ஜெர்மானியர்கள் இதைக் கோடைப் பள்ளம் என்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் தவறாமல் ஒரு விலங்கு வந்து விழும். 2023 ஜூலையில் பெர்லினின் தெற்கு எல்லையில் க்ளைன்மாக்னோ என்ற இடத்தில் சிங்கம் நடமாடுவதாக ஒரு கைபேசிக் காணொளி பரவியது. காவல்துறையே அதை நம்பி, ஹெலிகாப்டர், வேட்டைக்காரர்கள் சகிதம் ஒரு நாளுக்கு மேல் தேடியது. முடிவில், காணொளியில் தெரிந்த முதுகின் வளைவு சிங்கத்தினுடையது அல்ல, பெரும்பாலும் காட்டுப்பன்றியாக இருக்கும் என்று நிபுணர்கள் சொன்னதாக அவ்வூர் மேயர் அறிவித்தார்.

முதல் நாளே எழுதும்படி கேட்டிருந்தால் என்ன செய்வது? "சிங்கம் திரிகிறது" என்று எழுதியவர்கள் எல்லோரும் மறுநாள் திருத்தம் போட வேண்டியிருந்திருக்கும். "சிங்கம் என்று காவல்துறை கருதும் விலங்கு" என்று ஒவ்வொரு முறையும் ஆதாரத்தோடு சேர்த்து எழுதியவருக்கு அந்தக் கவலை இல்லை. வாக்கியம் கொஞ்சம் கனக்கும், கனக்கட்டும். உங்கள் ஆசிரியர் அனுமதித்தால் இன்னும் நல்ல வழி இரண்டு நாள் காத்திருப்பது. விலங்கை விட்டுவிட்டு மேயரைப் பற்றி எழுதுங்கள். முதுகு வளைவைப் பற்றிப் பத்திரிகையாளர் கூட்டத்தில் விளக்க வேண்டிய நிலை ஓர் உள்ளாட்சித் தலைவருக்கு வருவது அரசியல் செய்தியாளருக்கு உரிய பொருள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். கோடையில் எதுவும் நடக்காது என்ற நம்பிக்கை தவறு. அதைப் பத்தியின் முதல் வரியாக எழுதவே கூடாது. பெர்லின் சுவரின் முதல் கம்பிவேலி போடப்பட்டது 1961 ஆகஸ்ட் 13. அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகியது 1974 ஆகஸ்ட் 9. குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்தது 1990 ஆகஸ்ட் 2. சோவியத் அதிபர் கோர்பச்சேவுக்கு எதிரான ஆட்சிக் கவிழ்ப்புச் சதி தொடங்கியது 1991 ஆகஸ்ட் 19. காபூல் தாலிபான் வசம் விழுந்தது 2021 ஆகஸ்ட் 15. சபைகள் ஒத்திவைக்கப்பட்டு, பாதிச் செய்தியறை விடுப்பில் இருக்கும்போது நிகழும் பெரிய நிகழ்வு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே நம்மைத் திணறடிக்கும்.

நடைமுறையில் இதற்கு அர்த்தம் இதுதான். வெள்ளிக்கிழமை கொடுத்த பத்தி செவ்வாய்க்கிழமை அச்சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நான்கு நாள். கப்பலைப் பற்றி எழுதியிருப்பீர்கள், எங்கோ ஒரு கப்பல் மூழ்கியிருக்கும். அச்சுக்குப் போகும் நாள் காலையில் செய்திகளைப் பார்த்துவிட்டு, பக்கத்தைத் தயாரிக்கும் டெஸ்க்கில் இருப்பவர்களிடம் பேசுவது உங்கள் கடமை. அவர்களுக்கு ஞாபகம் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. கட்டுரை கொடுக்கும்போதே எந்த பாராவை எடுத்தாலும் மீதி நிற்கும் என்று குறித்துக் கொடுங்கள். காலம் கடந்தாலும் கெடாத இன்னொரு பத்தியைக் கையில் வைத்திருங்கள். இரண்டாவது பத்திக்கு அந்தக் கோடையில் வேலை வரவில்லை என்றால் அடுத்த கோடைக்கு ஆகும்.

லேசான செய்தி கனமான செய்தியை மூடிவிடும் அபாயமும் உண்டு. நீங்கள் உடையைப் பற்றி எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். 2014 ஆகஸ்ட் 28 அன்று ஒபாமா வெளிர் பழுப்பு நிறக் கோட்டு சூட்டில் செய்தியாளர்களைச் சந்தித்தார். சிரியாவில் ஐஎஸ் அமைப்பை எதிர்கொள்ள இன்னும் வியூகம் வகுக்கவில்லை என்று அன்று அவர் சொன்னது பெரிய செய்தி. ஆனால் மக்கள் நினைவில் நின்றது சூட்டின் நிறம். இதை எழுதும்போது சூட்டைப் பற்றி நாலு பாராவும் வியூகத்தைப் பற்றி ஒரு வரியும் போடாதீர்கள். சூட் போட்டவர் அன்று என்ன சொன்னார் என்பது இரண்டாவது பாராவிலேயே வந்துவிட வேண்டும். அதோடு, ரீகன் உள்பட முன்னாள் அதிபர்களும் அதே நிறத்தை உடுத்தியிருக்கிறார்கள் என்ற தகவல் வந்துவிட்டால், சர்ச்சை எதைப் பற்றியது என்பதை வாசகரே யோசிப்பார். நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

கற்பனை சேர்ப்பதைப் பற்றியும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏனென்றால் உங்கள் வரைவில் இரண்டு தலைவர்கள் கடற்கரையில் பேசிக்கொள்வதாக நீங்களே ஓர் உரையாடல் எழுதியிருக்கிறீர்கள். மேற்கோள் குறிக்குள், உண்மைப் பெயர்களோடு. அதை எடுத்துவிடுங்கள். 1835 ஆகஸ்ட் 25 முதல் நியூயார்க்கின் தி சன் நாளிதழ் ஆறு பகுதிகளாக, நிலவில் வௌவால் சிறகுள்ள மனிதர்கள் இருப்பதாக எழுதியது. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்ததாகப் போட்டார்கள். ஹெர்ஷல் அப்போது உண்மையிலேயே தென்னாப்பிரிக்காவில் தொலைநோக்கியோடு இருந்தார். பொய் நம்பப்பட்டதற்கு அந்த உண்மைப் பெயரும் உண்மை இடமும்தான் காரணம். இன்றைக்கு முழுக் கட்டுரையையும் படிக்காமல் ஒரு பாராவை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். எனவே உங்கள் கட்டுரையிலிருந்து எந்த பாராவைத் தனியாக வெட்டி எடுத்தாலும் அது உண்மையாக இருக்க வேண்டும். கற்பனை வேண்டுமென்றால் "என்று வைத்துக்கொள்வோம்" என்பது அதே வாக்கியத்தில் இருக்கட்டும். பேசுபவர் பெயரில்லாத ஒருவராக இருக்கட்டும்.

ஃப்ரீலான்ஸ் சங்கதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத இதழுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே யோசனை அனுப்ப வேண்டும். நாளிதழுக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். ஆசிரியரும் விடுப்பில் போவார், அதனால் அவர் இல்லாத நாளில் பொறுப்பில் இருப்பவர் யார் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யோசனையை ஐந்து வரிக்குள் எழுதுங்கள். பொருள் என்ன, ஆவணம் எது, ஏன் இந்த வாரம், எத்தனை சொல், எப்போது தருவீர்கள். கட்டுரையைக் கேட்டு வாங்கிவிட்டுப் போடாமல் விட்டால் எவ்வளவு தருவார்கள் என்பதை எழுத்தில் பெறுங்கள். பெரிய செய்தி வெடித்தால் முதலில் கழற்றி வைக்கப்படுவது கோடைப் பத்திதான். அதனால் மற்ற கட்டுரைகளைவிட இதற்கு அந்த நிபந்தனை முக்கியம். போடாத கட்டுரையை வேறெங்காவது கொடுக்கும் உரிமை எத்தனை நாளில் உங்களுக்குத் திரும்பும் என்பதும் அதே மின்னஞ்சலில் இருக்கட்டும்.

பெயர் கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடுவதற்கு ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. நீங்கள் இப்போது விசாரித்து எழுதிக்கொண்டிருக்கும் ஒரு அமைச்சரைப் பற்றியே கோடைப் பத்தியும் எழுதுவது. கேலி செய்தால் உங்கள் விசாரணையை அவர் பகை என்பார். பரிவாக எழுதினால் வாசகர் உங்கள் விசாரணையைச் சந்தேகிப்பார். கையில் திறந்திருக்கும் கோப்புகளில் உள்ள பெயர்களைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, அவர்களைக் கோடையில் தொடாமல் விடுங்கள். மற்றபடி, குழு அறிக்கையின் அடிக்குறிப்பைப் படித்த அதே கண்தான் பரிசுப் பட்டியலின் கடைசிக் கட்டத்தையும் படிக்கிறது. வாசகர்களுக்கு அது தெரியும்.

உங்கள் வரைவில் எனக்குப் பிடித்த ஓரிடம் உண்டு. ஏழாவது பாராவில், அமைச்சர் ஒருவர் விடுமுறைக்குப் போன இடத்திலும் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்திலேயே மாட்டியிருந்தார் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். கட்டுரை அங்கிருந்து தொடங்க வேண்டும். படம் எந்த நாள், அட்டை எந்தத் துறையினுடையது, அப்போது அவர் அந்தத் துறையில்தான் இருந்தாரா, இல்லை இலாகா மாறியிருந்ததா என்று விசாரியுங்கள். கிடைத்ததை வைத்து 800 சொல்லில் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்.